இ-ஆதாருக்குள் இரண்டு பகா எண்கள்

பிரவுசிங் சென்டரில் இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறந்தவர்கள் அதில் ஒரு மஞ்சள் கேள்விக்குறியைப் பார்த்திருப்பார்கள். கையொப்பத்தைச் சரிபார்த்ததும் அது பச்சை டிக் ஆகிவிடும். டெல்லியில் உள்ள ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் அது. அந்தக் கையொப்பத்தை நம்பலாம் என்பதற்கான மூலச் சான்றும் டெல்லியிலிருந்தே வருகிறது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த கட்டுப்பாட்டாளர் அலுவலகம், லோதி சாலை சிஜிஓ வளாகத்திலிருந்து அதை வழங்குகிறது.

இத்தகைய கையொப்பத்தின் உயிர் இரண்டு பகா எண்களில் இருக்கிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ முறையில் ஒவ்வொன்றுக்கும் 309 இலக்கங்கள். இரண்டையும் பெருக்கி வரும் 617 இலக்க எண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால், அதன் காரணிகள் இரண்டும் வெளியே தெரிந்தால் கையொப்பம் செத்தது.

இவ்வளவு பெரிய பகா எண்ணுக்கு எங்கே போவது? பஞ்சமே இல்லை. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகினாலும், மிக மெதுவாகத்தான் அருகுகின்றன. 309 இலக்க எண்களில் சுமார் 710-க்கு ஒன்று பகா எண். இரட்டை எண்களைத் தள்ளிவிட்டால் 355-க்கு ஒன்று. கணினி ஏதோ ஓர் ஒற்றை எண்ணை எடுத்துச் சோதிக்கும். தேறாவிட்டால் அடுத்ததை எடுக்கும். சில நூறு முயற்சிகளில் ஒன்று சிக்கிவிடும்.

அந்தச் சோதனைதான் இதில் அழகான பகுதி. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பது நடவாத காரியம், பிரபஞ்சத்தின் வயதே போதாது. கைகொடுப்பது 1640-ல் ஃபெர்மா சொன்ன பண்பு. ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. ஏழுக்குப் பாருங்கள்: 2-ன் 6-ஆம் அடுக்கு 64; ஏழால் வகுத்தால் மீதி 1.

ஆனால், சில பகு எண்களும் பகா எண் வேஷம் போடும். ராமானுஜனால் நமக்கெல்லாம் பழக்கமான 1729 அப்படிப்பட்டது. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல் பலன் அது. ஆனாலும் 2-ன் 1728-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 1 வந்துவிடுகிறது.

வேஷத்தைக் கலைக்க இன்னொரு பண்பு உண்டு. 2-ன் 27-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதன் வர்க்கத்தை வகுத்தால் 1065. அதையும் வர்க்கமாக்கினால் 11,34,225. வகுத்தால் மீதி 1. 1729 பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் செய்து மீதி 1 தரக்கூடியவை 1, 1728 ஆகிய இரண்டு மீதிகள் மட்டுமே. நடுவில் 1065 நுழைந்துவிட்டதால் 1729 பகு எண். காரணிகள் எவை என்று தேடாமலே உண்மை வெளிவந்துவிட்டது! இதுவே மில்லர்–ராபின் சோதனை. ஒரு சுற்றில் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது. சுற்றுகளைக் கூட்டக் கூட்ட அது இல்லாத மாதிரியே ஆகிவிடும்.

வாய்ப்புக்கே இடமில்லாமல், விரைவாகவும் சோதிக்க முடியுமா என்ற கேள்வி வெகுகாலம் நிலுவையில் இருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் முடியும் என்று நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் இந்தச் செய்தி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

காரணிகளைக் கண்டுபிடிப்பதோ வேறு கதை. 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கவே, ஒற்றை கணினி கோர் 2,700 ஆண்டுகள் செய்யும் வேலை தேவைப்பட்டது. 617 இலக்க எண்ணை இதுவரை யாரும் உடைத்துக் காட்டவில்லை. உடைக்கவே முடியாது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் உடைத்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே வழி காட்டிவிட்டார்.