கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? எதை நம்பிக் குடிப்பது?



"கேன் தண்ணிதாங்க சுத்தம். குழாத் தண்ணியக் குடிச்சா புள்ளைக்கு வயித்தால போகுது." ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் எந்தக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வரும். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால் மாதம் 15 கேன். ஒரு கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 525 ரூபாய், வருஷத்துக்கு 6,300 ரூபாய். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினருக்கு இது ஐந்து வருடச் சேமிப்பைவிட அதிகம். இவ்வளவு கொடுத்து வாங்கும் தண்ணீர் நிஜமாகவே பாதுகாப்பானதா? குழாய்த் தண்ணீர் அவ்வளவு மோசமா?

குழாய்த் தண்ணீர் எங்கே கெடுகிறது?

சென்னைக் குடிநீர் வாரியம் புழல், கீழ்ப்பாக்கம் நிலையங்களில் ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. வடசென்னைக்காகவே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் திறக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். கெடுவது வழியில்தான்.

குழாயில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. விநியோகம் நின்றதும் குழாய் காலியாகிவிடும். பக்கத்தில் சாக்கடை கசிந்தால் அது விரிசல் வழியாக உள்ளே புகும். அடிபம்பு அடித்தாலும், மோட்டார் போட்டு இழுத்தாலும் அந்த அழுக்கும் சேர்ந்து வரும். அதனால் முதலில் வரும் கலங்கல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

"மருந்து வாடை அடிக்குது" என்று சிலர் குழாய்த் தண்ணீரை ஒதுக்குகிறார்கள். அந்த வாடை குளோரினுடையது. வீட்டுக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. லேசான வாடை இருந்தால் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

போர் தண்ணீர் கதையே வேறு

மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் 1960-களிலிருந்தே கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. 2013-ல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, வீட்டுப் போர் தண்ணீரில் கலந்து வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்போ, எண்ணெயோ, ரசாயனமோ போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். எண்ணெய் வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது.

கேன் தண்ணீர் சுத்தம்தானா?

பார்வைக்குப் பளிச்சென்று இருப்பதெல்லாம் சுத்தம் ஆகிவிடாது. டெல்லி, மும்பையில் விற்ற பாட்டில் தண்ணீரை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் பூச்சிமருந்து எச்சம் இருந்தது. அதற்குப் பிறகுதான் விதிகள் கடுமையாக்கப்பட்டன. கேன் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இதை ஆபத்து அதிகமுள்ள உணவுப் பட்டியலில் அரசு சேர்த்தது. ஆகவே கேன் வாங்கும்போது நாம்தான் பார்க்க வேண்டும்:

* மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா?
* கம்பெனி பெயர், முகவரி, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா?
* கேன் பாசி பிடித்து, கீறல் விழுந்து, மங்கிப் போயிருக்கிறதா? வெயிலில் கிடந்ததா? இவற்றில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* குழாய்த் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடிகட்டுங்கள்.
* தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியே ஆற வையுங்கள்.
* குடத்துக்குள் கை படக் கூடாது. குழாய் வைத்த பாத்திரமோ, நீளக் கைப்பிடி உள்ள கரண்டியோ போதும்.
* கேனைத் திறந்த பிறகு அதுவும் திறந்த தண்ணீர்தான். அதிலும் டம்ளரை முக்கி எடுக்காதீர்கள்.
* கைக்குழந்தைக்குப் பால் கலக்க கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள்.

குழுவாகச் செய்ய வேண்டியவை

ஒரு வீட்டில் குழாயில் சாக்கடை வாடை வந்தால், அந்தத் தெருவுக்கே ஆபத்து. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள். கிராமப்புற உறுப்பினர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. சோதனைப் பெட்டியில் உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுப்பாக மாறும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே என்று ஊராட்சியில் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் நம் குழுப் பெண்களின் பெயரைக் கொடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குறை கிருமி மட்டும் என்றால், அதற்குக் கொதிக்க வைப்பதே போதும். உப்பு, எண்ணெய் என்றால்தான் வேறு தண்ணீர் தேட வேண்டும். எது என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் தண்ணீரையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசி, தீர்மானம் எழுதுங்கள்.