நடுவில் ஒரு கதவு

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் அரசு உதவியோடு கல்லூரிகளில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏராளமானோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஹாஸ்டல் அறை அவர்களுக்குச் சரிப்படாது. எனவே மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் தன் வளாகத்தை ஒட்டி அவசர அவசரமாக ஒரு குடியிருப்பைக் கட்டியது. அதற்கு வெஸ்ட்கேட் என்று பெயர். அதன் ஒரு பகுதியில் 17 கட்டிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கீழே ஐந்து, மேலே ஐந்து என்று பத்து வீடுகள். எந்த வீடு வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வீடு காலியானால், பட்டியலில் அடுத்து யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு அது போகும்.

லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்களுக்கு இந்த ஏற்பாடு வசதியாகப் போயிற்று. பழைய சிநேகிதம், சொந்தம், சொந்த ஊர் என்று பார்த்து யாரும் அங்கே பக்கத்து வீடு பிடிக்கவில்லை. அப்படியானால், குடிவந்த பிறகு உண்டாகும் நட்பில் கட்டிடத்தின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கலாமே. நீங்கள் அதிகம் பழகும் மூன்று பேர் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். 1950இல் புத்தகமாக வெளிவந்த முடிவு இது: ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவர்கள் நண்பர்களாகும் வாய்ப்பு 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்துவிட்டால் அது 22 ஆகிவிடுகிறது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10.

அந்தக் கோடி என்ன தொலைவு? 89 அடி. அடுத்த வாசலுக்கு 19 அடி. இடையில் உள்ள வித்தியாசம் எழுபது அடி, எழுந்து நடந்தால் கால் நிமிடம்கூட ஆகாது. அந்தக் கால் நிமிடத்தில் நட்பு நாலில் ஒரு பங்காகக் கரைந்துவிட்டது.

தூரத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது படிக்கட்டுதான். மாடியில் குடியிருந்தவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர்களோடு பழக்கம் பொதுவாகக் குறைவு. ஆனால் படிக்கட்டு வந்து இறங்கும் இடத்தை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் மாடியில் நிறைய நண்பர்கள் இருந்தார்கள். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்து வீட்டின் கதையும் இதுதான். தனித்தனி வீடுகளாகக் கட்டிய இன்னொரு பகுதியில், புல்வெளியைச் சுற்றி எல்லா வாசல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. ஓரத்து வீடுகள் மட்டும் தெருவைப் பார்த்திருந்தன. அந்த ஓரத்து வீட்டுக்காரர்களுக்குக் குடியிருப்புக்குள் கிடைத்த நண்பர்கள், மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. வரைபடத்தில் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று பென்சிலோடு யோசித்த பொறியாளருக்கு, தான் யாரோ ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியிருக்கவே முடியாது.

கட்டிடம் மனதை மாற்றும் என்றதும் உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி, பளிங்குத் தரை இவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டிடம் அன்றாடம் செய்கிற பெரிய வேலை வேறு: யார் கண்ணில் யார், எத்தனை தடவை படவேண்டும் என்று அது முடிவுசெய்கிறது.

சும்மா கண்ணில் படுவதற்கே மதிப்பு உண்டு என்பதை 1992இல் ரிச்சர்ட் மோர்லாண்டும் ஸ்காட் பீச்சும் காட்டினார்கள். நான்கு பெண்களை மாணவிகள் போலக் கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 வகுப்புகளுக்கு வந்தார், ஒருவர் பத்துக்கு, ஒருவர் ஐந்துக்கு, நான்காமவர் வரவே இல்லை. யாரோடும் அவர்கள் பேசக்கூடாது. வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட வேண்டும். பருவ முடிவில் நால்வரின் படத்தையும் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரை மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

அப்படியென்றால் எல்லோரையும் எல்லோர் கண்ணிலும் படவைத்துவிட்டால் ஊரே உறவாகிவிடுமா? ஆகாது. 1976இல் எபி எபசனும் இரு சகாக்களும் கலிபோர்னியாவின் ஓர் அடுக்ககக் குடியிருப்பில் நண்பர்களோடு சேர்த்து, பிடிக்காதவர்கள் யார் என்றும் கேட்டுவைத்தார்கள். பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் நம் காதில் விழுகிறது, அவர்கள் செய்கை நம் சுற்றுப்புறத்தைக் கெடுக்கிறது; தூரத்து வீட்டுக்காரரால் அந்தத் தொல்லையைத் தர முடியாது. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த எவருக்கும் இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது. ஒரே குழாயடியில் தாயும் பிள்ளையுமாகப் பழகுவதும், அதே குழாயடியில் குடம் உருள்வதும் அங்கே சகஜம்.

நட்பையும் பகையையும் ஒரே அண்மைதான் தருகிறது என்றால், எப்போது எது? இதற்கு நான் படித்தவற்றில் நல்ல விடை, நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் ஹாஸ்டல்களிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் இருவரும் 1970களில் அங்கே இரண்டு வகை விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீளமான காரிடார். இருபுறமும் இரட்டை அறைகள். ஏறக்குறைய 34 பேருக்குப் பொதுவாகக் குளியலறையும் கூடமும். இன்னொன்றில் நாலு முதல் ஆறு பேருக்கு ஒரு தொகுதி, அவர்களுக்கென்று தனிக் குளியலறை, தனிக் கூடம். ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் காரிடார்க்காரர்கள்தான் நெருக்கடி, நெருக்கடி என்று புலம்பினார்கள். பல் துலக்கப் போகும் வழியில் யார் எதிரே வருவார் என்று தெரியாது; வருபவரைத் தவிர்க்கவும் முடியாது. அரைகுறையாகத் தெரிந்த முகங்களுக்கு நாள் முழுக்கத் தலையசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹாஸ்டலுக்குள் அலுப்பு வருவது புரிகிறது. ஆனால் அந்த அலுப்பு வெளியேயும் கூடவே வந்தது. ஆய்வுக்கென்று ஒரு காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு உட்காரவைத்தபோது, காரிடாரில் வசித்தவர்கள் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் முகத்தைக் குறைவாகவே பார்த்தார்கள். அந்த அறையில் கூட்டமே இல்லை. மனிதர்களிடமிருந்து ஒதுங்கும் பழக்கத்தைக் கட்டிடம் அவர்கள் உடம்பில் ஏற்றி அனுப்பியிருந்தது.

ஓர் இடத்தை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற இதே எண்ணிக்கைக் கணக்கைச் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டிடக் கலைஞர் வேறு வழியாகப் பார்த்தார். அங்கே 1950களின் நடுவில் ஏழைகளுக்காகக் கட்டிய ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பில், 11 மாடி உயரத்தில் 33 கட்டிடங்கள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் நிற்கும், அங்கே உள்ள அகலமான நடைக்கூடங்களில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசுவார்கள், குழந்தைகள் விளையாடும் என்பது திட்டம். நடந்தது நேர்மாறு. இரண்டு குடும்பங்கள் பகிர்ந்த வாசல்முகப்புகள் சுத்தமாக இருந்தன. இருபது குடும்பங்கள் பகிர்ந்த நடைக்கூடங்கள் அசுத்தமாகிப் பயமூட்டின. 150 குடும்பங்கள் பகிர்ந்த படிக்கட்டும் லிஃப்டும் யாருக்கும் சொந்தமில்லாத காடாயின. 1972இல் அரசே வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது.

கட்டிடத்தின் மேலேயே முழுப் பழியையும் போட்டுவிடுவது சுலபம், பலர் போட்டார்கள். ஆனால் பராமரிப்புக்குப் பணமில்லை, நகரத்திலிருந்து வேலைகளோடு மக்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள், கறுப்பின மக்களை ஒதுக்கி ஓரிடத்தில் குவித்த அரசியலும் இருந்தது. வறுமையை வரைபடத்தால் உண்டாக்கவும் முடியாது, ஒழிக்கவும் முடியாது. ப்ரூயிட்-ஐகோவை வைத்துக் கட்டிடக் கலையின் சக்தியை நிரூபிப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு.

அலுவலகச் சுவர்களை இடித்தவர்களும் இந்த எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் திறந்த கூடங்களாக மாறுவதற்கு முன்னும் பின்னும், ஊழியர்கள் கழுத்தில் மாட்டிய கருவிகளைக் கொண்டு பேச்சை அளந்தார்கள். நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. மறைய இடம் இல்லாதபோது மனிதர்கள் திரைக்குள் போய் மறைந்துகொள்கிறார்கள்.

கட்டிடத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்துப் பார்க்க முடியுமா? ஸ்டோனி புரூக் ஹாஸ்டல்களை ஒப்பிட்ட ஆண்ட்ரூ பாம் அதையும் செய்தார். கிளென் டேவிஸுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கல்லூரி ஹாஸ்டலில், முதலாண்டு மாணவிகள் சுமார் 40 பேர் தங்கும் நீண்ட காரிடார் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த மூன்று அறைகளைக் கூடமாக்கிக் கதவுகள் பொருத்தினார்கள். பூட்டு கிடையாது, யாரும் திறந்துகொண்டு போகலாம், வரலாம். அவ்வளவுதான் மாற்றம். 40 பேர் இருந்த இடம் இருபது இருபதாக இரண்டானது. வேறொரு தளத்தின் நீண்ட காரிடாரைத் தொடாமல் விட்டார்கள்.

சில வாரங்களில் இரு தளங்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. கதவு வைத்த தளத்தில் நெருக்கடிப் புகார் குறைந்தது, யாரோடு எப்போது பழகுவது என்பது தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வு கூடியது, தளத்துக்குள்ளேயே நண்பர்களும் அதிகமானார்கள். பிறகு அவர்களையும் முன்பின் தெரியாத ஒருவரோடு ஓர் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். தொடாத காரிடாரின் மாணவிகளைவிட இவர்கள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.