கல் மறக்காத செம்பு

செப்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லும் பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் உண்டு. செம்புக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் இருப்பது உண்மைதான். கடல்மீன் வளர்ப்பவர்கள் அந்த ஆற்றலையே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், மீனைக் காப்பாற்றும் அதே மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். மருந்து ஊற்றி மாதங்கள் பல கழிந்த பிறகும் அந்த ஆபத்து நீங்குவதில்லை.

செம்பு பட்ட தொட்டியை மீட்க முடியுமா? முடியும். அதற்கு என்னென்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் உள்ள 200 லிட்டர் தொட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கைமாறி வந்த தொட்டி

வெளிநாட்டுக்கு வேலை மாற்றலாகிச் சென்ற சக ஊழியர் ஒருவர், ஆறு ஆண்டுகள் பராமரித்த தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு டாம்செல் மீன், ஒரு காலத்தில் ஊதா நிறம் படர்ந்திருந்த பாறைகள், வெள்ளை மணல் எல்லாம் அதனுடன் வந்தன. ஒரு தகவலையும் மறைக்காமல் சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்திருக்கிறது. தனித்தொட்டி வைக்க இடமில்லாததால், இதே தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றியிருக்கிறார். மீன்கள் பிழைத்துக்கொண்டன.

தொடக்கநிலை 4ல் படிக்கும் என் மகளுக்கோ வேறு கனவு. “அப்பா, மீனோட வாய்க்குள்ள போய்ச் சுத்தம் பண்ணுமே, அந்த இறால் வாங்கலாமா?” என்று முதல் நாளே கேட்டாள்.

மருந்தும் நஞ்சும்

கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் உடலில் சில நாள் தங்கிவிட்டு, கீழே விழுந்து கூடு கட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியேறி, நீந்திச் சென்று மீன்களைத் தேடும். அப்படி நீந்தும் கட்டத்தில்தான் செம்பு அவற்றைக் கொல்கிறது. எல்லாக் கூடுகளும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், மருந்தின் அளவைக் குறையவிடாமல் மூன்று, நான்கு வாரங்கள் வைத்திருப்பார்கள். அத்தனை வாரங்களும் பாறையும் மணலும் அதே தண்ணீரில்தான் ஊறுகின்றன.

தாமிர சல்பேட் போன்ற சாதாரண செம்பு மருந்தென்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் போதும். வேறொரு வேதிப்பொருளுடன் பிணைத்துத் தயாரிக்கும் மென்மையான வகைகளுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மில்லிகிராம் தேவைப்படும். நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. நமக்குக் கெடுதல் செய்யாத அந்த அளவில் பத்தில் ஒரு பங்கே இறாலுக்கும் பவளத்துக்கும் எமனாகிவிடும்.

இத்தனைக்கும் இறால், நண்டு ஆகியவற்றின் இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமப்பதே செம்புதான். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே செம்பு செய்கிறது. அதனால் அந்த இரத்தம் நீலம் பாரித்திருக்கும். உடலுக்குள் அளவோடு இருக்கும்வரை உயிர். வெளியிலிருந்து அளவு மீறி வந்தால் செவுள்கள் பாதிக்கப்பட்டு, உடலின் உப்புச் சமநிலை குலைந்துவிடும்.

பூச்சியம் காட்டிய சோதனை

தொட்டித் தண்ணீரைச் சோதனைப் பெட்டி கொண்டு பார்த்தேன். செம்பு இல்லை என்றது. கணக்குப்படியும் அது சரிதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்புள்ள தண்ணீரில் பாதியை மாற்றினால் 1 மில்லிகிராம் மிஞ்சும். இப்படியே பத்து முறை செய்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும்.

ஆனால், இந்தக் கணக்கில் பாறை வராது. கடல்நீர்த் தொட்டியின் பாறையும் மணலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அது செம்பைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரில் அமிலத்தன்மை சற்றுக் கூடும்போது மெல்ல விட்டுக்கொடுக்கும்.

எனவே, ஒரு பாறையை மட்டும் எடுத்து, புதிதாகக் கலந்த உப்புநீர் வாளியில் இரண்டு வாரம் போட்டுவைத்தேன். சிறிய பம்பு ஒன்று நீரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பதினைந்தாம் நாள் சோதனைக் குழாயில் மெல்லிய நிறம் தெரிந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம்.

இனி இரண்டே வழி. மீன்கள் மட்டும் போதுமென்றால் எதையும் மாற்ற வேண்டாம். இந்த மூன்று மீன்களும் இதே தொட்டியில் நலமாக வாழும். இறால் வேண்டுமென்றால் பாறையும் மணலும் வெளியேற வேண்டும். செம்பை உறிஞ்சும் ரெசினும் கரியும் கடைகளில் கிடைக்கின்றன. அவை தண்ணீரில் உள்ளதை எடுத்துவிடும். பாறைக்குள் இருப்பது வெளியே வரும்வரை அவையும் காத்திருக்க வேண்டியதுதான். அது எத்தனை மாதமாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஓர் உயிரை உள்ளே விட்டு அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பாறைகளைக் கைவிட முடிவு செய்தோம். ஆறு ஆண்டு உழைப்பைக் குப்பையில் போடுவது எளிதாக இல்லை.

மீட்ட விதம்

மீன்களைப் புதிய பஞ்சு வடிகட்டியுடன் தனித்தொட்டிக்கு மாற்றினோம். அங்கே அமோனியாவைத் தினமும் சோதித்தேன். அளவு ஏறும்போதெல்லாம் தண்ணீரை மாற்றினேன்.

பழைய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றினோம். சிங்கப்பூரின் மழைநீர்க் கால்வாய்களில் பல, நீர்த்தேக்கங்களுக்குச் செல்பவை. அவற்றில் மருந்துநீரைக் கொட்டக் கூடாது.

காலித் தொட்டியை வினிகர் கலந்த நீரால் நிரப்பி, பம்புகளை அதிலேயே ஒரு நாள் ஓடவிட்டோம். படிந்திருந்த சுண்ணாம்பு கரைந்தது. அதில் ஒட்டியிருந்த செம்பும் சேர்ந்து வந்தது. வினிகருடன் பிளீச் ஒருபோதும் சேரக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பின்னர் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினோம். பஞ்சு, ரப்பர்க் குழாய்கள், வடிகட்டிக் கற்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம்.

குழாய் நீரில் குளோரமின் இருக்கும். வீட்டுக் குழாய்களிலிருந்து சிறிது செம்பும் வரலாம். அதனால் ஆர்ஓ கருவியில் வடிகட்டிய நீரில்தான் உப்பைக் கலந்தேன். புதிய பாறை, புதிய மணல். நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக ஐந்து வாரங்கள் பிடித்தன. செம்பை உறிஞ்சினால் நீலமாக மாறும் வடிகட்டித் துண்டு ஒன்றையும் போட்டுவைத்தேன். அது நீலமாகவில்லை. ஒரு வார இடைவெளியில் செய்த இரண்டு சோதனைகளிலும் செம்பு தென்படவில்லை.

முதலில் மீன்கள் திரும்பின. பிறகு இரண்டு நத்தைகள். மூன்று வாரம் கழித்து, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இறால் வந்தது. பத்தாம் நாள் காலையில் மணலில் ஓர் இறால் அசையாமல் கிடப்பதைப் பார்த்து மகள் அலறினாள். அருகில் சென்று பார்த்தால், அது உரித்துப் போட்ட சட்டை. உண்மையான இறால் பாறைக்குப் பின்னால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

உங்களுக்குச் சில குறிப்புகள்

பழைய கடல்நீர்த் தொட்டியை வாங்கும்போது, “இதில் எப்போதாவது செம்பு மருந்து ஊற்றியிருக்கிறீர்களா?” என்று கட்டாயம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், கண்ணாடித் தொட்டியை மட்டும் விலை பேசுங்கள். பாறைக்கும் மணலுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

நோய் வந்தால், மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். மணலோ பாறையோ வேண்டாம். மீன்கள் ஒளிந்துகொள்ள நான்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். மருந்து வேலை செய்யும் நாள்களில் வடிகட்டியில் கரி இருக்கக் கூடாது. அது மருந்தையும் உறிஞ்சிவிடும். இதற்கிடையே பெரிய தொட்டியை மீனில்லாமல் விட்டுவையுங்கள். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி தானாக அழியும். அதற்காக 76 நாள் பொறுப்பவர்கள் உண்டு.

அந்தத் தனித்தொட்டிக்கான வலை, வாளி, குழாய் எல்லாவற்றின் மேலும் ‘செம்பு’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் தண்ணீர் மாற்றினாலும் அந்த வாளி இறால் இருக்கும் தொட்டிப் பக்கம் போகாது.