குரங்குகளிடம் சிக்கிய சிம்பா

டிஸ்னி படத்தை வைத்து வந்த 'தி லயன் கிங்' கேமின் முதல் கட்டம் சுலபம். குட்டிச் சிங்கம் சிம்பா தாவுவான், உருளுவான், பூச்சி தின்பான். இரண்டாவது கட்டத்தில் குரங்குகள். எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் அது எந்தப் பக்கம் திரும்பி நம்மைத் தூக்கி எறியும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். 1994-ல் சேகா ஜெனிசிஸ், சூப்பர் நின்டெண்டோ கன்சோல்களில் ஆடிய எத்தனையோ பிள்ளைகள் அதோடு சரி. சிம்பாவுக்குப் பிடரி மயிர் முளைத்ததைப் படத்தில்தான் பார்த்தார்கள்.

இந்தக் கடினம் ஏதோ வடிவமைப்புக் கோளாறு அல்ல. அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. கன்சோல் கார்ட்ரிட்ஜுக்கு விலக்கு கொடுத்தது. வீடியோ கேசட்டைப்போல கேமையும் கடையில் எடுத்து, வார இறுதிக்குள் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட முடிந்தது. அப்படி முடித்துவிட்டால் யார் விலைக்கு வாங்குவார்கள்? கேமை உருவாக்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸின் லூயிஸ் காஸில் இதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முன்னேறிவிடக்கூடாது என்பது டிஸ்னியின் நிபந்தனை. குரங்குப் புதிர் அதற்குப் போட்ட பூட்டு. ஆட்டத்தைப் பாதியில் சேமிக்கவும் வழியில்லை. வாய்ப்புகள் எல்லாம் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

2019-ல் 'லயன் கிங்', 'அலாதீன்' இரண்டும் புதுப் படங்களாகத் திரைக்கு வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கடைக்கு வந்தவையோ அவற்றின் 1990-களின் பழைய கேம்களே. டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் இரண்டையும் ஒன்றாகத் தொகுத்திருந்தது. இப்போது குரங்கு தப்பான பக்கம் எறிந்தால் சில விநாடிகள் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம். எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். கேம் தன்னைத்தானே ஆடிக்காட்டும் வசதியும் உண்டு. வேண்டிய இடத்தில் நாம் உள்ளே புகுந்துகொள்ளலாம். கடைசியில் வில்லன் ஸ்காரை அடித்தால் மட்டும் போதாது, பாறையிலிருந்து தூக்கி வீச வேண்டும் என்பதும் இப்படித்தான் பலருக்குத் தெரியவந்திருக்கும்.

இப்படிப் பின்னோக்கி ஓட்டி ஆடுவது ஏமாற்று வேலை என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகைக் கடைக்காரனை முறியடிக்க வைத்த புதிரை, அந்தக் கடைகளே மறைந்த பிறகும் மதித்து ஆட வேண்டுமா என்ன? காட்டுமாட்டுக் கூட்டம் விரட்டும் கட்டம் வேறு. சிம்பா நம்மை நோக்கி ஓடிவர, பின்னால் மந்தை திரையை நிறைக்கிறது. அந்தப் பயம் படத்திலிருந்தே வந்தது. அங்கே மட்டும் பின்னோட்டப் பொத்தானைத் தொடாமல் ஆடிப் பாருங்கள்.