மூன்று பெர்மிட், ஒரே தெரு
(கரையோரத் தடங்கள் – 9)

மட்டக்களப்பு மாவட்டத்து நாவலடிச் சந்தியில் அரை மணி நேரம் நின்றால் போதும், மூன்று அதிகாரங்களின் பஸ்கள் கடந்து போகும். சிவப்பு இ.போ.ச. பஸ் மத்திய அரசாங்கத்தின் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குச் சொந்தம். கதுருவெலையில் புறப்பட்டு வெலிக்கந்தை தாண்டி வரும் தனியார் பஸ் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது. ஆகவே அதன் பெர்மிட், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவினுடையது. கிழக்கு மாகாணத்துக்குள்ளேயே ஓடித் திரியும் தனியார் பஸ்ஸுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி கொடுக்க வேண்டும். பாலம் ஏறி இறங்கி ஓட்டமாவடிக் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டால் மூன்றுக்கும் ஒரே தெரு, ஒரே சனம். காலையில் ஒன்றையொன்று முந்துகிற ஓட்டமும் அங்கேதான் தொடங்குகிறது.

போன வாரம் வாவியைக் கடக்கும் ‘பாதை’களைப் பற்றி எழுதியபோது, தமிழகத்து வாசகர் ஒருவர் பாதை எப்படி மிதக்கும் என்று கேட்டிருந்தார். மட்டக்களப்பில் பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறை கடக்கும் மிதவை. இந்த வாரம் அவருக்கு இன்னொரு சொல்: இங்கே ‘சாலை’ என்றால் பஸ் டிப்போ. வாழைச்சேனைச் சாலை, ஏறாவூர்ச் சாலை, காத்தான்குடிச் சாலை என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து ரோட்டைத் தேடிப் போனால் எண்ணெய் மணக்கும் பணிமனையில்தான் போய் நிற்பீர்கள்.

அந்தச் சாலைகளைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓட்டமாவடியை ஒட்டினாற்போல வாழைச்சேனை. அதிலிருந்து தெற்கே ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை. சுமார் எழுபது கிலோமீற்றருக்குள் ஆறு டிப்போக்கள். இவ்வளவு நெருக்கமாக டிப்போ இருக்கிறதென்றால் அது தற்செயல் இல்லை. இந்தக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளியே குறைவு. ஓட்டமாவடி முஸ்லிம் ஊர், கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி தமிழ் ஊர்கள், ஏறாவூர் முஸ்லிம் ஊர், மட்டக்களப்பு தமிழ் நகரம், காத்தான்குடி முஸ்லிம் நகரம், ஆரையம்பதி தமிழ் ஊர் என்று மாறிமாறி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவிலுள்ள ஒடுங்கிய மணலில் அகலிக்க இடமில்லாததால் நீளத்துக்கு வளர்ந்த ஒரே பட்டணம் இது என்று நான் சொல்வேன். பிரதேச சபைகள் ஒத்துக்கொள்ள மாட்டா.

மேடையில் ஏறினால் எல்லாரும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் அப்படி அடுக்கடுக்காக வாழ்கிறோமாம். எனக்கு அந்த உவமை சலித்துவிட்டது. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தடவை காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பாருங்கள். வந்தாறுமூலையில் இறங்கப்போகும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவி, ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியை மடியில் வைத்த உம்மா, இருக்கைக்கு அடியில் தயிர் முட்டிகளை வைக்கோல் அணைத்து அடுக்கிய கிரான் அம்மா, கச்சேரி எழுதுவினைஞர். “புள்ள, கொஞ்சம் தள்ளிக்கங்க, மாமி இருக்கட்டும்” என்று கொண்டக்டர் சொல்லும்போது எந்த ஊர் மாமி என்று யாரும் கேட்பதில்லை. சண்டைக் காலத்தில் கேட்டார்கள். ஊரின் எல்லையில் பஸ் நின்று, அடுத்த ஊரைத் தாண்டும்வரை யன்னல் ஓரத்தில் தலை குனிந்திருந்தவர்கள் இன்றும் இதே பஸ்ஸில் வருகிறார்கள்.

ஒரு டிப்போ ஏன் தனி இராச்சியம் போல நடந்துகொள்கிறது என்பதற்குப் பழைய கதை இருக்கிறது. 1958 ஜனவரி 1 அன்று பண்டாரநாயக்க அரசாங்கம் நாட்டிலிருந்த பஸ் கம்பனிகளையெல்லாம் எடுத்து ஒரே இலங்கைப் போக்குவரத்துச் சபையாக்கியது. வயதானவர்கள் இன்றும் ‘சிடிபி’ என்று சொல்வது அந்தச் சபையைத்தான். 1978இல் வந்த சட்டம் அதைப் பிராந்தியச் சபைகளாகப் பிரித்தது. அடுத்த ஆண்டே தனியாருக்கும் கதவு திறந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘மக்கள்மயம்’ என்ற பெயரில் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாயின. 1997இல் அந்தக் கம்பனிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தார்கள். 2005இல் இன்னொரு சட்டம் எல்லாவற்றையும் மீண்டும் ஒரே சபையாக்கியது. கூட்டி, பிரித்து, மறுபடி கூட்டிய இந்த ஐம்பது வருடக் கணக்கில் டிப்போவின் பழக்கம் மட்டும் மாறவில்லை. தன் பஸ், தன் வசூல், தன் கடைசி ட்ரிப். ஏறாவூர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது வாழைச்சேனையில் கவலைப்பட வேண்டிய விடயம் அல்ல.

இதற்கு மருந்தென்று சொல்லப்படுவது இணைந்த நேர அட்டவணை. அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பட்டியலில் இடைவெளி விட்டு ஓடுவது. பேச்சில் எளிது. ஆனால் நிமிடத்தைப் பங்குபோடுவதும் காசைப் பங்குபோடுவதும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட ஒரு இடத்தை யார் விட்டுக்கொடுப்பார்? பின்னேரம் மூன்று மணி வெயிலில் வெறும் பஸ்ஸை உருட்டுவது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத அட்டவணை டைம் கீப்பரின் பெட்டிக்குள் மடித்து வைத்த கடதாசிதான்.

இங்கே பஸ்ஸை விட்டால் வேறு கதியும் குறைவு. 1928இல் வந்த ரயில் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. காத்தான்குடிக்கோ கல்முனைக்கோ தண்டவாளம் இல்லை. அந்த ரயிலுக்காகக் கட்டிய பாலத்தில்தான் ஓட்டமாவடியில் நெடுங்காலம் பஸ்ஸும் ஓடியது. ரயில் வரும் நேரம் கேட்டைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் வாகனங்கள் வரிசை கட்டும், கச்சான்காரருக்கு வியாபாரம். பொலன்னறுவை வீதியிலுள்ள மன்னம்பிட்டியிலும் அப்படித்தான், 2007இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும்வரை. வடக்கே திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதி இன்னும் மோசமாக இருந்தது. யுத்த காலத்தில் வாகரை வழி அடைபட்டு, திருகோணமலை போகிறவர் பொலன்னறுவை, ஹபரணை, கந்தளாய் என்று நாட்டின் நடுவைச் சுற்றிப் போனார். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதையொட்டிய வருடங்களில் மற்றப் பாலங்களும் வந்தபிறகுதான் துறைகளில் காத்திருக்காமல் பஸ் நேராகப் போனது.

பாலம் வந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியவில்லை. 2023 ஜூலை 9 இரவு, கதுருவெலையிலிருந்து காத்தான்குடிக்கு வந்த தனியார் பஸ் மன்னம்பிட்டிக்கருகே கொட்டலியப் பாலத்தில் ஆற்றுக்குள் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் தரிப்பிடங்களில் யாருக்காகவோ காத்திருந்தவர்கள் செய்தியைக் கைபேசியில் பார்த்தார்கள். அந்தக் கிழமை முழுக்க இந்தத் தடத்துப் பஸ்களுக்குள் பேச்சு இல்லை.

நாடு முழுக்க ஓட்டமாவடி என்ற பெயர் தெரிந்தது வேறொரு பயணத்தால். 2021 மார்ச்சிலிருந்து ஒரு வருடம், கோவிடில் இறந்தவர்களைப் புதைக்க ஓட்டமாவடியின் மஜ்மா நகர் மட்டுமே இடமாக இருந்தது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே கிடக்கிறார்கள். தூர மாவட்டங்களிலிருந்து ஸியாரத்துக்கு வருகிறவர்கள் இப்போதும் 48ஆம் இலக்கக் கொழும்பு பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, ஓட்டோக்காரரிடம் வழி கேட்கிறார்கள்.

பொருளாதார நெருக்கடியில் பஸ் பயணமே எட்டாமல் போன காலமும் இருந்தது. 2022 ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாயானது. டீசல் இல்லை, பாதி பஸ்கள் நிறுத்தப்பட்டன. அப்போதுதான் இந்த ஊர்களில் சைக்கிள் மறுபடி வெளியே வந்தது. கட்டணம் பிறகு கொஞ்சம் இறங்கியது, சைக்கிள் பலர் வீட்டில் சாத்தியபடியே இருக்கிறது.

நான் கடைசியாக ஓட்டமாவடிக் கடைத்தெருவில் நின்றது ஒரு வியாழன் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். தரிப்பிடத்தில் வெள்ளைச் சட்டையும் பர்தாவுமாக நாலைந்து பிள்ளைகள். ஒரு தனியார் பஸ் வந்து நின்றது, இடமும் இருந்தது, யாரும் ஏறவில்லை. இன்னொன்றும் வந்து போனது. ஏன் என்று கேட்டேன். ஒரு பிள்ளை கழுத்தில் தொங்கிய உறைக்குள்ளிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டியது.

“சீசன் மாமா. இதுக்கு சிடிபிதான் வரணும்.”

சபையின் பருவச்சீட்டு தனியார் பஸ்ஸில் செல்லாது. சிவப்பு பஸ் எப்போது வரும் என்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்றாள், நேரம் எதுவும் சொல்லாமல். அஸர் பாங்கு சொன்னது. நிழல் பாலத்துப் பக்கமிருந்து நீண்டு தெருவைக் கடந்தது. பிள்ளைகள் கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினார்கள்.

(தொடரும்)