பண்ணைக்கு ஒரு மராமத்துக் கொட்டகை

மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதம் 12-ந் தேதி பாசனத்திற்குத் தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். அன்று முதல் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கில் சேரும். நாற்று பிந்தினால் நடவு பிந்தும். நடவு பிந்தினால் அறுவடை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். அறுத்த கதிர் களத்திலேயே முளைத்துவிடும். இத்தகைய சமயத்தில் பம்பு செட்டின் ஃபுட்வால்வு பழுதாகியோ, பவர் டில்லரின் பெல்ட் அறுந்தோ இரண்டு நாள் வேலை நின்றால், அந்த நஷ்டம் சாமானின் விலையைப் போல் பன்மடங்காகும். பழுது பெரும்பாலும் சிறியதே. அதைப் பார்க்க இடமும், எடுக்க ஆயுதமும், மாற்ற உதிரிச் சாமானும் ஒரே இடத்தில் இல்லாமையே தாமதத்துக்குக் காரணம்.

இப்போது பல பண்ணைகளில் டிராக்டர் மரத்தடியில் நிற்கிறது. ஸ்பேனர்கள் நெற்குதிர் அறையில் கிடக்கின்றன. டீசல் டின் மாடிப்படியின் கீழ் இருக்கிறது. இக்குறைகளையெல்லாம் ஒருங்கே நீக்குவது வீட்டினின்று தனித்து நிற்கும் ஒரு மராமத்துக் கொட்டகை.

தனித்திருக்க வேண்டிய காரணம்

வீட்டுச் சுவரோடு சாய்ப்பு இறக்கிக்கொண்டால் ஒரு பக்கச் சுவர் மிச்சமாகுமே என்று சிலர் கருதலாம். அந்த மிச்சம் உண்மையான மிச்சமன்று. சாணைக்கல்லும் வெல்டிங் யந்திரமும் தீப்பொறி கக்குபவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து அறைக்கு அறை செல்லக் கூடியது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற விஷவாயு. உறங்குபவர் அதை அறியமாட்டார். ஆகவே குடியிருப்பும், மாட்டுத் தொழுவமும், வைக்கோற்போரும் இக்கொட்டகையினின்று தள்ளியே இருத்தல் வேண்டும்.

இடம்

வீட்டிலிருந்து 50 அடிக்குக் குறையாமலும், வைக்கோற்போரிலிருந்து 100 அடிக்குக் குறையாமலும் இடம் தேர்ந்தெடுத்தல் நலம். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பலமாக வீசுவதால், கொட்டகைக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் போர் போடலாகாது. மழைக்காலத்திலும் வண்டி வந்து திரும்பத் தக்க மேடான நிலமாக இருக்க வேண்டும். ஊராட்சியின் கட்டட அனுமதி தேவைப்படும் இடங்களில் அதை முன்னதாகவே பெற்றுக்கொள்வது உசிதம்.

கட்டடம்

ஒரு டிராக்டரை உள்ளே நிறுத்திச் சுற்றிலும் நின்று வேலை செய்ய, கிழமேலாக 24 அடி நீளமும் தென்வடலாக 20 அடி அகலமும் போதும். வாசல் தெற்கே 10 அடி அகலம், 9 அடி உயரம் இருக்கலாம். வடசுவரில் அகலமான ஜன்னல்கள் வைத்தால் கண் கூசாத வெளிச்சம் நாள் முழுதும் கிடைக்கும்; அதன் கீழேயே வேலை மேஜை அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரலைத் தடுக்க மூன்றடி இறவாணமும், ஜன்னலுக்குக் கதவும் அவசியம்.

தரை சுற்று நிலத்தைவிட ஓரடி உயர்ந்து, நன்கு கெட்டித்த மண்ணின்மேல் 4 அங்குலக் கனமுள்ள கான்கிரீட்டாக இருக்கட்டும். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவை ஏற்றது. குறைந்தது ஏழு நாளாவது நீர் கட்டி ஈரம் காத்தல் வேண்டும். வாசலை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுத்தால் கழுவிய நீர் தேங்காது. டிராக்டருக்கு அடியில் வேலை செய்வதற்கெனத் தரையில் குழி வெட்டுவது தகாது. மழைநீரும் பெட்ரோல் ஆவியும் அதில்தான் தங்கும்.

கூரைக்குக் கீற்று ஆகாது. கல்நார்த் தகட்டை அறுத்தாலும் துளைத்தாலும் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடே ஏற்றது. ஆனால் அதைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டுகளாலும், சட்டத்தைச் சுவரோடும் தூணோடும் உறுதியாகவும் பிணைக்க வேண்டும். 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலைக் கண்டவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

மின்சாரம்

பம்பு செட்டிற்கு இலவசமாகக் கிடைக்கும் விவசாய மின்சாரத்திலிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுப்பது கூடாது. அனுமதித்த உபயோகத்தை விட்டு வேறொன்றிற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி இருமடங்கு கட்டணம் விதிக்கப்படும். தனி இணைப்புப் பெறுவதே முறை. நல்ல நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனமும் இருத்தல் வேண்டும். ஈரத் தரையில் நின்று கையில் டிரில் பிடிப்பவனின் உயிர் இவ்விரண்டையும் பொறுத்தது.

மேஜையும் ஆயுதங்களும்

முதலில் வேண்டியது விலையுயர்ந்த யந்திரமன்று, அசையாத மேஜையே. இரண்டு அங்குலக் கனமுள்ள வேப்பம் பலகையை நல்ல கால்களின்மேல் பொருத்தி, கால்களைத் தரையிலும் சுவரிலும் இறுக்கிவிட வேண்டும். அதில் ஓர் இரும்பு வைஸ் பொருத்துக. அதன் வாய், நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் அராவுகையில் முதுகு நோகாது.

முதல் ஆண்டில் ஸ்பேனர் வரிசை ஒன்று, சுத்தியல்கள், உளிகள், அரங்கள், இரும்பு அறுக்கும் வாள், குறடு, திருப்புளிகள், கிரீஸ் துப்பாக்கி, ஜாக்கி ஆகியவை போதும். கை டிரில்லும் சாணை யந்திரமும் இரண்டாம் ஆண்டில் வாங்கலாம். லேத் வேலைக்குப் பட்டணமும், கொழு அடிக்க ஊர்க் கொல்லருமே தக்கவர்கள். கொட்டகை கொல்லருக்குப் போட்டியன்று. ஒவ்வோர் ஆயுதத்தின் உருவத்தையும் சுவர்ப் பலகையில் வரைந்து அதன்மேல் மாட்டினால், மாலையில் குறைவது எது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பெல்ட், ஃபுட்வால்வு வாஷர், பேக்கிங் கயிறு, ஃபியூஸ், வடிகட்டி, போல்ட் நட்டு ஆகியவை அளவு எழுதிய டப்பாக்களில் இருக்கட்டும். எஞ்சின் ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய தேதி முதலியவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்கட்டும்.

எச்சரிக்கை

ஜாக்கியை மாத்திரம் நம்பி யந்திரத்தின் அடியில் புகலாகாது. கெட்டியான மரக்கட்டையோ இரும்புத் தாங்கியோ முட்டுக் கொடுத்த பிறகே புகுதல் வேண்டும். கதவுகளை அடைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டலாகாது. சாணை பிடிக்கையில் கண்ணாடி அணிக. வெல்டிங் வேலையை வாசலுக்கு வெளியே திறந்த வெளியில் செய்க. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக் குவியல் தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். மூடியுள்ள தகர டப்பாவிலிடுக. வாசலருகில் உலர்தூள் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் இருக்க வேண்டும். கழிவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் பீப்பாயில் சேர்த்து, மறுசுத்திகரிப்பு செய்பவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

செய்யத் தக்க காலம்

சம்பா அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை மாதங்கள் கட்டட வேலைக்கு உகந்தவை. அடுத்து வரும் வைகாசி முடிவதற்குள் பம்பு, டில்லர், டிராக்டர் மூன்றையும் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டுவிடலாம். தனியே கட்ட வசதியற்ற சிறு நிலக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடி ஒன்றை அமைத்து, ஆயுதங்களுக்குக் கணக்கும் சாவிக்கு ஒரு பொறுப்பாளியும் வைத்துக்கொள்ளலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் உள்ள ஊர்களில் அதன் மூலமாகவும் முயலலாம். கிராம அதிகாரிகள் தகுந்த இடத்தைக் காட்டியும், போருக்கும் கொட்டகைக்கும் உரிய இடைவெளியை வற்புறுத்தியும் துணைபுரிந்தால், தண்ணீர் வரும் நாளில் வாய்க்காலோடு யந்திரங்களும் ஆயத்தமாயிருக்கும்.