நெடும் பந்தயமும் நடுவர் தீர்ப்பும்



பிரான்சு தேசத்திலே லெ மான் என்னும் நகரத்தருகே ஆண்டுதோறும் இருபத்துநான்கு மணித்தியாலம் இடைவிடாது நடைபெறும் மோட்டார்ப் பந்தயம் உலகப் புகழ் வாய்ந்தது. 1923ஆம் ஆண்டில் ஆரம்பமான இப்பந்தயத்திலே குறித்த நேரத்துள் அதிக தூரம் ஓடிய வண்டியே வெற்றி பெறும். இக்காலத்தில் வண்டியொன்றைச் சாரதிகள் மூவர் முறைமாறி ஓட்டுவர். இரவையும் மழையையும் களைப்பையும் எந்திரக் கோளாறுகளையும் கடந்து வந்து, மேடையேறிக் கிண்ணத்தையும் கையில் வாங்கிய பின்னர், "உமது வெற்றி செல்லாது" என்று நடுவர் குழு அறிவித்தால் எப்படியிருக்கும்? அவ்வாறு நேர்ந்ததுண்டு, ஒரு முறையன்று, பல முறை. அது நீதியா என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

2019ஆம் ஆண்டுப் பந்தயத்தில், தொழில்முறையாளரல்லாத சாரதிகளும் இடம்பெறும் வகுப்பிலே, அமெரிக்கரான பென் கீற்றிங் என்பவரின் தனியார் குழு ஓட்டிய போர்ட் வண்டி முதலாவதாக வந்தது. பந்தயம் முடிந்ததும் வண்டி பரிசோதனைக்கு எடுக்கப்பட்டது. இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒவ்வொரு தடவையும் எரிபொருள் நிரப்புவதற்கு ஆகக் குறைந்தது 45 செக்கன் ஆக வேண்டும் என்பது விதி; இவ்வண்டிக்கு 44.4 செக்கனே ஆகியிருந்தது. தாங்கியின் கொள்ளளவு 96 லீற்றருக்கு மேற்படலாகாது என்பது மற்றொரு விதி. இவ்வண்டியின் தாங்கி 96.1 லீற்றர் கொண்டது.

முதற் குறைக்கு நடுவர்கள் விதித்த தண்டனையைக் கவனியுங்கள். ஒரு தடவைக்கு மிச்சமான நேரம் 0.6 செக்கன். வண்டி எரிபொருள் நிரப்பியதோ 23 தடவை. இவற்றைப் பெருக்கி, வந்த தொகையை மேலும் நான்காற் பெருக்கி, 55.2 செக்கனை வண்டியின் நேரத்தோடு சேர்த்தனர். வண்டி பெற்றிருந்த முன்னணி அதனினும் குறைவு. ஆகவே அது இரண்டாமிடத்துக்கு இறங்கிற்று. களவாக வந்த நேரத்தைப் போல நான்கு மடங்கைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது கடுமையான தண்டனைதான். ஆயினும் அதிலே ஓர் அளவு இருந்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு கணக்கு இருந்தது.

இரண்டாம் குறைக்கு அத்தகைய கணக்கு எதுவும் பார்க்கப்படவில்லை. லீற்றரிற் பத்திலொரு பங்கு, அதாவது ஒரு சிறு தேநீர்க் கோப்பையளவு எரிபொருள், கூடுதலாகக் கொள்ளும் தாங்கிக்காக வண்டி முழுவதுமாகப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. இரண்டாமிடமும் போயிற்று. புரொஜெக்ற் 1 என்னும் குழுவின் போர்ஷே வண்டி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இவ்வகை வண்டி அந்த ஒரு கோப்பை எரிபொருளைக் கொண்டு சில நூறு மீற்றருக்கு மேல் ஓடாது. லெ மான் பாதையின் ஒரு சுற்று மட்டும் பதின்மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்டதென்பதை நினைவிற் கொண்டால், "இதற்கா இத்தண்டனை?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

அவ்வாறு கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரே வகுப்பிலே பல நிறுவனங்களின் வண்டிகள் ஓடுகின்றன. ஒன்றின் எந்திரம் பெரிது. மற்றொன்றின் எந்திரம் சிறிது. ஒன்று அதிகம் குடிக்கும். மற்றொன்று சிக்கனமாக ஓடும். இவற்றைச் சமமாக்குவதற்கென்றே தாங்கியின் அளவும் நிரப்பும் நேரமும் வரையறுக்கப்படுகின்றன. ஆகவே 96 லீற்றர் என்பது வெறும் அலங்கார எண் அன்று. அப்பந்தயம் நியாயமானதென்று சொல்லுவதற்கு ஆதாரமே அந்த எண்தான். 96.1 லீற்றரை மன்னித்தால் 96.2 லீற்றரோடு வருபவருக்கு யாது மறுமொழி சொல்லுவது? எல்லைக்கு அப்பால் மற்றோர் எல்லையை மனத்துக்குள் வைத்திருக்கும் நடுவரைக் காட்டிலும், எழுதிய எல்லையிலேயே நிற்கும் நடுவரே எனக்கு நம்பத்தக்கவராகத் தோன்றுகின்றார். இன்னொன்று: தாங்கியை எல்லைக்குச் சற்றுக் குறைவாக அமைத்துக்கொள்ள எக்குழுவுக்கும் தடையில்லை. கடைசித் துளிவரை எல்லையை நெருங்கியவர், அளக்கும்போது எல்லை தாண்டிவிடும் ஆபத்தையும் தாமே ஏற்றுக்கொண்டவராவார்.

இதற்கு முந்திய ஆண்டில், அதாவது 2018இல், எல்.எம்.பி.2 என்னும் வகுப்பிலே நடந்ததில் இத்தகைய ஐயத்துக்கே இடமில்லை. ஜி-டிரைவ் என்னும் குழுவின் வண்டி மிகுந்த முன்னணியுடன் வகுப்பில் முதலாவதாக வந்தது. எரிபொருள் நிரப்பும் கருவியைச் சோதித்தபோது, விதியில் இடம்பெறாத ஒரு துண்டு அதனுள்ளே பொருத்தப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. அதே வகுப்பில் ரி.டி.எஸ். குழுவின் வண்டியும் இதே காரணத்துக்காக விலக்கப்பட்டது. குழுக்கள் மேன்முறையீடு செய்தன. சர்வதேச மேன்முறையீட்டு மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. வெற்றி அல்பைன் வண்டிக்குச் சென்றது. விலக்கப்பட்ட வண்டியின் சாரதிகளுக்காக நான் இரங்குகின்றேன். எரிபொருட் கருவியை அமைத்தவர்கள் அவர்களல்லர். ஆனால் அவர்களுடைய வெற்றியை நிலைக்க விட்டிருந்தால், விதிப்படி அமைந்த கருவியோடு காத்து நின்று எரிபொருள் நிரப்பிச் சென்ற சாரதிகளுக்கு யார் இரங்குவது? விலக்கப்பட்டவரின் துயரம் எல்லோருக்கும் தெரிகின்றது. பின்னாலே வந்து நான்காமிடத்தில் நின்றுவிட்டவரின் இழப்பைப் பார்ப்பவர் இல்லை.

2017இல் நடந்தது இன்னும் வேடிக்கையானது. பொதுவரிசையில் மூன்றாவதாக வந்த ரெபெலியன் குழுவின் வண்டியிலே, எந்திரத்தைக் கிளப்பும் மோட்டார் கோளாறு செய்தது. பின்புற மூடியை ஒவ்வொரு முறையும் கழற்றாமலே அதனை எட்டுவதற்காகத் தொழிலாளர் மூடியில் ஒரு துளை இட்டனர். அங்கீகரிக்கப்பட்ட உடற்பகுதியை மாற்றியமைத்தமைக்காக வண்டி விலக்கப்பட்டது. ஒரு துளையினால் வேகம் கூடுமா என்று சிலர் நகைத்தனர். வேகம் கூடாதுதான், ஆனால் நெடும் பந்தயத்திலே தரிப்பிடத்தில் மிச்சமாகும் நிமிடமும் பாதையில் மிச்சமாகும் நிமிடமும் ஒன்றே.

நிற்க, எண்ணளவில் அமைந்த விதி எப்பொழுதும் நல்ல முடிவைத் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. 2016ஆம் ஆண்டின் பந்தயம் முடிவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. முன்னணியில் வந்துகொண்டிருந்தது டொயோட்டா நிறுவனத்தின் வண்டி; அதுவரை லெ மானில் வெற்றி காணாத நிறுவனம் அது. சாரதி கசுக்கி நகாஜிமா. திடீரென எந்திரம் வலுவிழந்தது. வண்டி முடிவுக் கோட்டருகே நின்றுவிட்டது. போர்ஷே வண்டி முந்திச் சென்று வென்றது. நகாஜிமா ஒருவாறு வண்டியைக் கிளப்பிக் கடைசிச் சுற்றை ஓட்டி முடித்தார். அச்சுற்றுக்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிச் சுற்றை ஆறு நிமிடத்துள் முடிக்காத வண்டி வரிசையில் இடம்பெறாதென்பது அப்பொழுது விதியாயிருந்தது. ஆகவே வென்ற வண்டியைப் போலவே 384 சுற்றுக்கள் ஓடிய அவ்வண்டிக்கு இரண்டாமிடம் மட்டுமன்று, எவ்விடமுமே கிடைக்கவில்லை.

இவ்விதி ஏன் தோன்றிற்று? முற்காலத்திலே பழுதுபட்ட வண்டிகள் முடிவுக் கோட்டருகே பல மணித்தியாலம் தரித்து நின்று, நேரம் முடிந்ததும் ஊர்ந்து வந்து கோட்டைக் கடந்து, பந்தயத்தை முடித்ததாகப் பெயர் பண்ணிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்தச் சூழ்ச்சியைத் தடுப்பதற்கு இத்தகைய நேர எல்லை உதவுகின்றது. கடைசி நிமிடம்வரை முன்னணியில் ஓடிய வண்டிக்கு அது பொருந்துமா? நடுவர்கள் விதியை மீறவில்லை. விதியே இந்த நிகழ்ச்சியை எதிர்பார்க்கவில்லை. இங்கே குறை தீர்ப்பில் அன்று, விதியை எழுதியவர் கையில் என்பேன். நகாஜிமாவும் அவருடைய தோழர் செபஸ்தியன் புவேமியும் 2018இல் அதே பந்தயத்தை வென்றனர். மூன்றாமவரான அந்தனி டேவிட்சனுக்கு அவ்வெற்றி பிற்காலத்திலும் கிட்டவில்லை.

இதையொத்த ஒரு பழைய நிகழ்ச்சி 1966இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள செப்ரிங் பன்னிரண்டு மணித்தியாலப் பந்தயத்தில் நடந்தது. முன்னணியில் வந்த டான் கேர்னியின் போர்ட் வண்டி கடைசிச் சுற்றிலே எந்திரம் உடைந்து நின்றது. கேர்னி கீழிறங்கி, அப்பெரிய வண்டியைத் தம் கையாலேயே தள்ளிக் கோட்டைக் கடக்கச் செய்தார். பார்த்தவர்கள் ஆரவாரித்தனர், நடுவர்களோ தள்ளியமைக்காக அவரை விலக்கினர். வண்டிகள் பாய்ந்து வரும் பாதையிலே மனிதனொருவன் நடந்து நிற்பது எத்துணை ஆபத்தானது என்பதை எண்ணினால், வீரச் செயலென்று அதனை மன்னிப்பது கூடாதென்றே தோன்றும்.

அப்பந்தயத்தை வென்றவர் கென் மைல்ஸ், லொயிட் றூபி இருவர். அதே மைல்ஸ் மூன்று மாதத்தின் பின் லெ மானிலே, டெனி ஹல்மைத் துணைச் சாரதியாகக் கொண்டு முன்னணியிலிருந்தார். போர்ட் நிறுவனம் தன் வண்டிகள் ஒருங்கே கோட்டைக் கடக்கும் காட்சியை விரும்பியது. மைல்ஸ் வேகத்தைத் தணித்தார். ஆனால் பந்தய அதிகாரிகள், புரூஸ் மக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய வண்டி தொடக்கத்திலே சில மீற்றர் பின்னால் நின்றமையால் அதுவே அதிக தூரம் ஓடியதென்று தீர்த்தனர். 4,800 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பின் சில மீற்றரில் வெற்றி மாறிற்று. தூரமே அளவுகோல் என்பது விதியாகையால் அதிகாரிகளைக் குற்றஞ் சொல்லுவதற்கில்லை. காட்சிக்காகப் பந்தயத்தைத் தளர்த்தியவர்களையே சொல்லவேண்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே மைல்ஸ் ஒரு பரீட்சை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார்.

இறுதியாக, நான் உண்மையில் அநீதியென்று கருதும் ஒன்றைச் சொல்லுகின்றேன். 1962இல் ஆங்கிலேயரான கொலின் சப்மன் தமது இலகுவான லோட்டஸ் வண்டிகளை லெ மானுக்குக் கொண்டுவந்தார். முன்சில்லுகள் நான்கு மரையாணிகளாலும் பின்சில்லுகள் ஆறு மரையாணிகளாலும் பூட்டப்பட்டிருந்தன. மேலதிகச் சில்லு ஒன்றே இரண்டிடத்துக்கும் பொருந்தாதென்று பரிசோதகர்கள் மறுத்தனர். சரியான மறுப்பே. சப்மனின் ஆட்கள் பின்சில்லுகளையும் நான்கு ஆணிக்கு மாற்றிக் கொண்டுவந்தனர். அப்பொழுது பரிசோதகர்கள், "முன்பு ஆறு தேவைப்பட்டதாயின் நான்கு போதாது, இது ஆபத்தானது" என்னும் கருத்துப்படப் புதிய காரணத்தைக் கூறி வண்டிகளை ஏற்க மறுத்துவிட்டனர். முதற் காரணம் விதியிலிருந்து வந்தது. இரண்டாவது, முதற் காரணம் தீர்ந்துபோன பின்னர் தேடி எடுக்கப்பட்டது. லெ மானுக்கு இனி வருவதில்லை என்று சப்மன் சூளுரைத்தார். 1982இல் இறக்கும்வரை அவர் தமது குழுவை அங்கே கொண்டுவரவில்லை.